புகைக்குடிலில் காட்டிய வானம்

எங்கள் சின்ன மாமா கொழும்பில் வானம் காட்டுகிற வேலையில் இருந்தவர். அங்கே கோள்மண்டலத்தின் வட்டக் கூரைக்குக் கீழே, பட்டப்பகலில் கதவைச் சாத்தி நட்சத்திரங்களை வரவழைத்து, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத் தமிழில் விளக்கம் சொல்லுவார். எண்பத்து மூன்று கலவரத்தில் கப்பலேறி எங்கள் ஊரான உரும்பிராய்க்கு வந்தபோது, உடுத்திருந்த சாரத்தையும் அந்த விளக்கக் குரலையும்தான் கொண்டுவந்தார் என்று அம்மா கேலி செய்வார். சாப்பிடக் கூப்பிட்டாலும் "இப்போது சூரியன் மறைகிறது" என்கிற தோரணையில்தான் பதில் வரும்.

சில வருடங்களில் ஊரில் மின்சாரமும் நின்றது, கொழும்புப் பாதையும் நின்றது. இனி எங்கள் பிள்ளைகள் யாரும் அங்கே சுற்றுலா போகப்போவதில்லை என்று தெரிந்ததும் மாமாவுக்குப் பித்துப் பிடித்துக்கொண்டது. புகையிலையைத் தெற்கே அனுப்ப வழியில்லாமல் புகையிலைக்குப் புகை போடுகிற எங்கள் புகைக்குடில் சும்மா கிடந்தது. யன்னல் இல்லாத மண்சுவர். மத்தியானத்திலும் உள்ளே கை தெரியாது. மாமா ஒரு பால்மா டின்னில் ஆணியால் நட்சத்திரங்களைத் துளைத்து, உள்ளே சைக்கிள் டைனமோவில் எரியும் சின்ன பல்பை வைத்தார். வெளியே சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்திப் பெடல் மிதித்தவன் என் தம்பி. வானத்தை எரியவைப்பது அவன், ஆனால் பார்ப்பவர்கள் மற்றவர்கள் என்று அவனுக்குப் பெரிய மனக்குறை.

கரி பிடித்த கூரையில் நட்சத்திரம் தெரியவில்லை. மாமா வெள்ளை கட்டினார். எங்கள் பக்கத்தில் கூரைக்குக் கீழே வெள்ளைத் துணி கட்டுவது கலியாண வீட்டில், இல்லாவிட்டால் செத்தவீட்டில். இரண்டும் இல்லாமல் கட்டியதற்கு அம்மா ஏசினார். மாமா சிரித்தார். பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வந்து பாயில் படுத்து வாயைப் பிளந்தார்கள். காட்சி எப்போதும் விடியலோடு முடியும். மாமா ஓரத்தில் ஒரு மண்ணெண்ணெய் விளக்கின் திரியை மெல்லத் தூண்டிவிட, வெள்ளையில் சிவப்புப் படரும்.

பெரியம்மா மட்டும் வரவில்லை. அவருடைய ஒரே மகன், எங்கள் அண்ணை, முந்திய ஆடியில் ஒருநாள் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் கிணற்றடிக்குப் போனவர், அப்படியே இயக்கத்துக்குப் போய்விட்டார். அதன்பின் பெரியம்மா எந்தச் செத்தவீட்டுக்கும் போகவில்லை. வெள்ளைக்குக் கீழே நிற்கவே பயந்தார். ஆனாலும் டின்னைத் திருப்பினால் எந்த நாள் வானமும் வரும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, அண்ணை போன இரவைக் காட்ட முடியுமா என்று அம்மாவிடம் சொல்லி அனுப்பினார்.

மாமா இன்றைக்கு, நாளைக்கு என்று கடத்தினார். பிறகு ஒரு காலையில், அண்ணையைப் பற்றி விசாரித்து வருவதாகச் சொல்லிவிட்டு யாழ்ப்பாண ரவுணுக்குப் போனார். திரும்பி வந்தவர் நேரே புகைக்குடிலுக்குள் போனார். பழைய துணியை அவிழ்த்துவிட்டு, புதிதாகத் தோய்த்த வெள்ளையைக் கட்டினார். அடுத்த நாள் மத்தியானம் பெரியம்மாவை அவரே கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். வாசலில் பெரியம்மாவின் கால் நின்றுவிட்டது.

"உது வெறும் திரை அக்கா," என்றார் மாமா.

நானும் பெரியம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். அன்று மாமா விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. சத்தமே இல்லாமல் தேள் நட்சத்திரக் கூட்டம் எழும்பித் தென்பக்கத்தில் வந்து நின்றது.

"ஓம், இப்பிடித்தான் நிண்டது. கிணத்தடிப் பனைக்கு மேலை," என்றார் பெரியம்மா.

வெகுநேரம் பார்த்தோம். மாமா விளக்கைத் தூண்டக் குனிந்தபோது பெரியம்மா அவருடைய கையைப் பிடித்தார்.

"தம்பி, உதை விடியவிடாதை."

மாமா விடியவிடவில்லை. வெளியே தம்பிக்குக் கால் ஓய்ந்தது. நட்சத்திரங்கள் மஞ்சளாகி, பழுப்பாகி, எல்லாம் ஒன்றாக அணைந்தன. ஒருவரும் அசையவில்லை. காற்றே புகாத அந்த இடத்தில் தலைக்கு மேலே துணி அசைகிற சத்தம் கேட்டது.

"ராசா, சாப்பிட்டிட்டுப் போவன்," என்றார் பெரியம்மா, பக்கத்தில் நிற்கிற ஒருவரிடம் சொல்வதைப் போல.

"ஓமம்மா," என்றது இருட்டு.

அது இளம் குரல். பலவிதமாகக் குரல் மாற்றிப் பேசத் தெரிந்த மாமாவைத் தவிர அங்கே வேறு ஆண் இல்லை என்று இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அன்று அண்ணை வந்துவிட்டார் என்றுதான் நம்பினேன். பயத்தோடு பயமாகச் சந்தோசமாகவும் இருந்தது.

கதவைத் திறந்ததும் வெயில் கண்ணைக் குத்தியது. பெரியம்மா தெளிந்த முகத்தோடு வீட்டுக்குப் போய் இரண்டு பேருக்கு உலை வைத்தார். மாமா நேரே கிணற்றடிக்குப் போய், உடுத்த சாரத்தோடு தலையில் தண்ணீர் ஊற்றினார். பிறகு என்னையும் தம்பியையும் கூப்பிட்டு, எங்கள் தலையிலும் வாளி வாளியாக ஊற்றினார். பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், அவரிடம் சொல்லவும் வேண்டாம் என்றார்.

செத்தவீட்டால் வருகிறவர்கள்தான் அப்படி முழுகிவிட்டு வீட்டுக்குள் போவார்கள். அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் செத்தது யார் என்று கேட்கத் தோன்றவில்லை. தண்ணீர் குளிருகிறது என்று மட்டும் சொன்னேன்.