பாஞ்சாலையின் பேசும் முகங்கள்

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறை ஒன்றில் பொம்மைகளுக்குக் கண் எழுதிக்கொண்டிருந்தவள் பாஞ்சாலை. அறுபத்தெட்டாம் வருஷம் அவள் தங்கை ராஜம்மாள் பிரசவத்தில் போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகு பாஞ்சாலை எழுதியதெல்லாம் தங்கையின் கண்ணாகவே இருந்தது. கிருஷ்ணரும் அந்தக் கண்ணால்தான் பார்த்தார், செட்டியார் பொம்மையும் அந்தக் கண்ணால்தான் பார்த்தது.

“இத எவன் வூட்டுல வைப்பான்? நம்மளயே பாத்துக்கிட்டு இருக்குது” என்று மேஸ்திரி அவளை மண் சலிக்க அனுப்பிவிட்டார்.

கை சும்மா இருக்கவில்லை. தங்கையின் முகத்தைக் களிமண்ணில் செய்து, உள்ளே குடைந்து, வாயைத் திறந்தபடி விட்டு, பட்டறைச் சூளையின் ஓரத்தில் வைத்துச் சுட்டெடுத்தாள். மைக் செட் கடைக்காரர் சனாவுல்லா அதைப் பார்த்தார். ராஜம்மாள் கல்யாணத்தில் பெண்கள் பாடியதை அவர் டேப் ரெக்கார்டரில் பிடித்து வைத்திருந்தார்.

“தங்கச்சி கொரலு எங்கிட்ட இருக்குதும்மா. கேக்குறியா?”

முகத்துக்குள் சின்ன ஸ்பீக்கரையும் சிவப்பு பல்பையும் பொருத்தினார்கள். சுவிட்சைப் போட்டதும், பாட்டுக்கு நடுவே ராஜம்மாள் சிரித்தாள். பாஞ்சாலை தெருவுக்கு ஓடிவிட்டாள். பிறகு, தானே உள்ளே வந்து மறுபடி போட்டாள்.

மாசி மகத்துக்கு அந்த முகத்தைக் கீற்றுக் கொட்டகையில் வைத்தபோது கூட்டம் நெரிந்தது. எங்க அப்பாவைப் பேச வை, எம் புள்ளையைப் பேச வை என்று கேட்டார்கள். இறந்தவர்களின் குரலுக்கு அவள் எங்கே போவாள்? இருப்பவர்களின் குரலைப் பிடிக்கத் தொடங்கினாள். முதலில் வந்தவர் ரயில்வே பாயிண்ட்ஸ்மேன் தேவநாதன்.

“நான் போனப்பறம் எம் பொண்டாட்டிய மெரட்ட ஆளு வேணும்ல?” என்று சிரித்தபடி, ஆசை தீர மனைவியைத் திட்டிவிட்டுப் போனார். அவருடைய மண் முகம் சூளைக்குப் போகுமுன் மாரடைப்பில் செத்துப்போனார்.

குரலைப் பிடித்தால் உயிரையும் பிடித்துவிடுவாள் என்று ஊரில் பேச்சு கிளம்பியது. குழாயடிக்கு அவள் வந்தால் பெண்கள் வாயை மூடிக்கொண்டார்கள். “மிஷின நீயே வச்சிக்கம்மா. வூட்டுல எம் பொண்டாட்டி சாதிகா பயப்படுது” என்று சனாவுல்லாவும் விலகிக்கொண்டார். பாஞ்சாலைக்கே தன் கையைப் பார்க்கப் பயமாக இருந்தது. தேவநாதனின் முகத்தைச் சுட்டெடுத்தும் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருந்தாள்.

ஒரு நாள் பட்டப்பகலில் தேவநாதனின் மனைவி வீரம்மாள் வந்து நின்றாள்.

“அவரு பேசுனதப் போடு.”

“வேணாங்கக்கா.”

“போடுடி.”

முகம் பேசியது. “ஏ வீரம்மா! செருப்ப நடுவாசல்ல வுடாதன்னு எத்தினி தடவ சொல்றது?”

“அந்தச் செருப்ப நாயி தூக்கிட்டுப் போயி எந்தக் காலமாவுது! இன்னும் அதையே புடிச்சிக்கிட்டு!” டேப் முடியும்வரை வீரம்மாள் மண்ணோடு சண்டை போட்டாள். முடிந்ததும் முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். பிறகு நிமிர்ந்தாள்.

“எங் கொரலையும் புடி. அவருக்குப் பதிலு சொல்ல ஆளு வேணாமா?”

பாஞ்சாலை மைக்கை நீட்டினாள். வீரம்மாளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும், அவள் ஒவ்வொரு முறை இருமும்போதும் பாஞ்சாலைக்கு உயிர் போய் வந்தது.

எழுபத்தாறில் மதராஸில் நடந்த கண்காட்சியில் அந்த இரண்டு முகங்களும் எதிரெதிரே நின்று திட்டிக்கொண்டன. வந்தவர்கள் சிரித்தார்கள், விவரம் கேட்டுவிட்டு அடங்கிப்போனார்கள். வேறு ஊர்களிலிருந்தும் அழைப்பு வந்தது. கண்காட்சியில் ஒரு நாள் வீரம்மாள் தன் மண் முகத்துக்குப் பக்கத்தில் அசையாமல் நின்றிருந்தாள். எந்த வாயிலிருந்து குரல் வருகிறது என்று பாஞ்சாலைக்கு ஒரு கணம் விளங்கவில்லை. மெதுவாகப் போய் அவள் கையைத் தொட்டாள்.

“என்னா தொட்டுப் பாக்குற? நான் இன்னும் போவல” என்றாள் வீரம்மாள்.