நாகரத்தம் விழுந்த வயல்

கந்தளாய்க் குமாரசாமி என்று ஒருவர் இல்லை. அது நான்தான். உங்களிடம் சொல்லிவிட்டேன், என் கணவரிடம் இன்னும் சொல்லவில்லை.

அவர் பகலில் திருகோணமலைத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். மாலையில், நாகங்களும் மந்திரவாதிகளும் திரியும் ஒரு கற்பனை நாட்டைப் பற்றி முகநூலில் தொடர்கதை எழுதினார். ஒவ்வொரு அத்தியாயத்தையும் முதலில் எனக்குத்தான் வாசித்துக் காட்டுவார்.

"எப்பிடி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு" என்பேன். அந்த முகத்தைப் பார்த்து வேறு என்ன சொல்வது?

ஆனால் நான் கிளிவெட்டியில் வயலோடு வளர்ந்தவள்... எப்படிப் பொறுப்பேன்? நாகத்தின் இரத்தம் விழுந்த வயலில் நூறு ஆண்டுகளுக்குப் புல்லும் முளைக்காது என்று எழுதினார். சில அத்தியாயங்கள் கழித்து, கதாநாயகி அதே வயலில் நெல் அறுத்துப் படைக்கே சோறு போட்டாள். வயல் தரிசாகக் கிடக்கும்வரை அந்த நாட்டில் பிள்ளையே பிறக்காது என்றார். அந்த வருடமே அரசிக்கு இரட்டைப் பிள்ளைகள்!

குசினிக்குள் போய்ச் சிரித்தேன். பிறகு பொய்ப் பெயரில் எல்லாவற்றையும் அவருக்கு எழுதி அனுப்பினேன். நேரே சொன்னால் மனம் நோவார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அவர் நோகவே இல்லை. போனும் கையுமாக ஓடிவந்தார். "இஞ்சேருமப்பா, கந்தளாயில ஒரு மனுசன் என்ர கதைய வரி வரியா வாசிச்சிருக்கிறார்."

அப்போதே சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? அந்தச் சந்தோசம் எனக்கும் பிடித்துப்போனது... அதுதான் உண்மை.

அதன்பின் அவர் விறாந்தையில் இருந்து குமாரசாமிக்கு எழுதுவார். நான் குசினியில் இருந்து பதில் போடுவேன். கறி அடிப்பிடித்த நாட்களும் உண்டு. கடைசியில் வழியை அவரே கண்டுபிடித்தார். வயல் ஒருநாளும் தரிசாகவில்லை. உழவர்களை விரட்டி நிலத்தைப் பிடிக்க அரசன் கட்டிவிட்ட கதை அது. அரசியின் இரட்டைப் பிள்ளைகளைக் கண்டுதான் சனம் அந்தப் பொய்யைப் பிடிக்கிறது. வாசித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. குமாரசாமியாக ஒரு பக்கம் பாராட்டி எழுதினேன். மனைவியாக, "நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

ஒருநாள் அவர் குமாரசாமிக்கு எழுதியிருந்தார்: "என்ர மனுசிக்கு இதில பெரிய விருப்பமில்லை ஐயா. பாவம், எனக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறா."



போன ஞாயிற்றுக்கிழமை, தேவாலயப் பங்கு மண்டபத்தில் அந்தத் தொடர்கதை புத்தகமாக வெளிவந்தது. நிற்க இடமில்லாத கூட்டம். முன்வரிசையில் என் பக்கத்துக் கதிரையில் அவர் ஒருவரையும் இருக்க விடவில்லை.

"குமாரசாமி ஐயாவுக்கு. வருவார் எண்டு நினைக்கிறீரா?"

"ஓம், வருவார்" என்றேன்.

மேடையில் அவர் தன் பிழைகளைத் தானே சொல்லிச் சிரித்தார். மண்டபமே சிரித்தது. நானும் கண்ணில் நீர் வரச் சிரித்தேன். எங்கள் வாழ்க்கையில் அவ்வளவு மகிழ்ச்சியான நாள் வேறு இல்லை... பேச்சின் முடிவில் அவர் அந்த வெறுங்கதிரையைப் பார்த்துக் கைகூப்பி நன்றி சொன்னார்.

பக்கத்தில் இருந்த நான், எல்லோரோடும் சேர்ந்து கை தட்டினேன்.