எட்டுப் பேர் நின்ற மைக்

அந்த இசைத்தட்டில் அவள் பாடவில்லை. பாடினாள் என்றுதான் கணவர் நம்பினார், மகள் நம்பினாள், தெருவில் பாதிப் பேர் நம்பினார்கள். அட்டைப் படத்தில் முன்னால் எட்டுப் பெண்கள் கோடை வெயிலில் கம்பளித் துண்டு சுற்றிக்கொண்டு வரிசையாக நிற்கிறார்கள். அவர்களில் வாயை மிக அகலமாகத் திறந்திருப்பவள் அவள்தான்.

அவள் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள். ஓய்வுபெற்று வெகுநாளாகியும் தெருவில் ஆபரேட்டரம்மா என்றால்தான் தெரியும். அழைப்புகளைக் கையால் இணைத்துக்கொடுத்த காலத்தில் அலுவலகத்தில் ஒரு பாடகர் குழு இருந்தது. கிறிஸ்துமஸ் கீதங்களை இசைத்தட்டாக வெளியிட மேலதிகாரிகள் ஆசைப்பட்டார்கள். டிசம்பரில் கடைக்கு வர வேண்டுமென்றால் கோடையிலேயே பதிவு செய்தாக வேண்டும். மின்விசிறி இரைச்சல் மைக்கில் விழும் என்று அதை நிறுத்தினார்கள். ஜன்னல்களில் மெத்தைகளை முட்டுக்கொடுத்தார்கள். சட்டை முதுகோடு ஒட்ட, குளிரையும் நட்சத்திரத்தையும் பற்றிப் பாடினார்கள்.

முதல் பாட்டுக்கு முன்னால் பாட்டு வாத்தியார் அவளைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டார்.

“கோவிச்சுக்காதேம்மா. நீ வாயை மட்டும் அசை. சத்தம் வேண்டாம்.”

“சார்?”

“உன் சுருதி நிக்கமாட்டேங்குது. ஆளைக் குறைச்சா மேலே கேள்வி கேப்பாங்க. யார்கிட்டயும் மூச்சு விடாதே, உனக்குத்தான் அசிங்கம்.”

அவள் மூச்சு விடவில்லை. பன்னிரண்டு பாட்டுக்கும் வாயை மட்டும் அசைத்தாள்.

அந்தப் பதிவு ஏன் இன்னும் ஒலிக்கிறது என்பது யோசிக்க வேண்டிய விஷயம். குறையற்றது என்று சொல்ல முடியாது. ஆண்கள் இரண்டு இடங்களில் முந்திக்கொள்கிறார்கள். ஆர்கன் ஓரிடத்தில் தடுமாறுகிறது. டிரம்ஸும் கைதட்டலுமாக ஆண்டுதோறும் புதிய பதிவுகள் வருகின்றன, ஜனவரியில் அவற்றைச் சீண்ட ஆளில்லை. இது மட்டும் பல் மருத்துவரின் வரவேற்பறையிலும், துணிக்கடை லிஃப்டிலும், வங்கிக்குப் போன் செய்தால் காத்திருக்கச் சொல்லும் நேரத்திலும் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கிறது. தனியாக ஒருவர் பாடினால் நாம் அவரைக் கேட்கிறோம். பலர் ஒன்றாகப் பாடும்போது, அந்தக் குரலுக்குள் நமக்கு வேண்டிய ஒருவரைக் கொண்டுபோய் உட்காரவைத்துவிடுகிறோம். இறந்தவர், பிரிந்துபோனவர், சண்டை போட்டுக்கொண்டு வராமலே இருப்பவர், யாருக்கும் அங்கே இடமுண்டு. அவள் கணவர் அவளை உட்காரவைத்திருந்தார்.

அவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை, அங்கே அந்தப் பதிவு ஓடிக்கொண்டே இருக்கும். மூன்றாவது பாட்டில் ஆல்டோ, அதாவது பெண்களின் தாழ்ந்த குரல், மற்ற குரல்களுக்கு அடியிலிருந்து மெல்ல எழும்பும் இடம் ஒன்று உண்டு. அது வந்தால் அவர் விரலைத் தூக்கிவிடுவார்.

“இருங்க, இருங்க. கேட்டீங்களா? என் வீட்டுக்காரி.”

ஒரு கண்ணுக்கு மட்டும் லென்ஸ் மாட்டிய வாடிக்கையாளர் தலையை ஆட்டுவார். வேறென்ன செய்வார்? கடையில் உதவிக்கு நிற்கும் அவளோ ஏற்கெனவே துடைத்த கண்ணாடியையே எடுத்து மறுபடி துடைப்பாள்.

மருமகனுக்கு ஒலிப்பதிவு நிறுவனத்தில் வேலை. பழைய பதிவைச் சுத்தம் செய்து மறுபடி வெளியிடும் பொறுப்பு அவனிடம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் அவன் சிரித்துக்கொண்டே சொன்னான்.

“அத்தை, அந்தக் கோடையில எடுத்த டேப்பே கிடைச்சிடுச்சு. ஒவ்வொரு வரிசைக்கும் தனி மைக் வெச்சிருக்காங்க. ஆல்டோவை மட்டும் தனியா போட்டுக் கேக்கலாம்.”

அவள் கையிலிருந்த கரண்டி குழம்புக்குள் முழுகிப்போனது.

“எதுக்குப்பா அதெல்லாம்? பழசு.”

“பழசுதானேடி அருமை!” கணவர் எழுந்தே விட்டார். “எப்போ வரலாம் மாப்பிள்ளை?”

தலைவலி என்றாள், முழங்கால் என்றாள். எதுவும் எடுபடவில்லை. ஆல்டோ வரிசையில் எட்டுப் பேர் நின்ற மைக், தான் இல்லாவிட்டாலும் ஏழு பேர் பாடியிருக்கிறார்கள், அந்த ஏழில் தன்னைக் காணோம் என்று யாருக்குத் தெரியப்போகிறது என்று தன்னைத் தேற்றிக்கொண்டுதான் அவள் போனாள்.

பதிவறை சிறியது. சுவரெல்லாம் பஞ்சுத் தடுப்பு. மருமகன் மற்ற குரல்களை ஒவ்வொன்றாக அணைத்தான். ஆர்கன் போயிற்று, ஆண்கள் போனார்கள், உச்சக்குரல் பெண்களும் போனார்கள்.

மிஞ்சியது ஒரு குரல்.

ஏழு இல்லை. இரண்டுகூட இல்லை. ஒரே ஒரு பெண், வெறும் அறையில் யாரும் இல்லாததுபோல் பாடிக்கொண்டிருந்தாள். அவளைச் சுற்றி மூச்சுகள் மட்டும் கேட்டன. ஒவ்வொரு அடிக்கும் முன்னால் எல்லோரும் ஒன்றாக மூச்சை இழுத்தார்கள், அந்த ஒருத்தி மட்டும் பாடினாள்.

மருமகன் நிறுத்தினான். அடுத்த பாட்டைப் போட்டான், அதற்கடுத்ததையும் போட்டான். எல்லாவற்றிலும் அதே ஒற்றைக் குரல்.

“என்ன இது, பேய் மாதிரி இருக்கு,” என்றான். “மத்தவங்கள்லாம் எங்கே போனாங்க?”

ஆபரேட்டரம்மாவுக்குத் தாழ்வாரம் நினைவுக்கு வந்தது. அன்று தனக்குப் பின்னால் இன்னொருத்தி கூப்பிடப்பட்டாள், அவளுக்குப் பின்னால் வேறொருத்தி. திரும்பி வந்த ஒவ்வொருத்தியும் முகத்தைத் துடைத்துக்கொண்டுதான் வந்தாள். வியர்வை என்றல்லவா நினைத்தோம்! நாற்பது ஆண்டுகளாக ஏழு பெண்கள், தான் ஒருத்திதான் ஊமை என்று நினைத்து, ஆளுக்கொரு வீட்டில் அதை மறைத்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறார்கள்.

கணவர் விரலைத் தூக்கியிருந்தார். கண் கலங்கியிருந்தது.

“நான் சொல்லலை? மொத்த ஆல்டோவும் அவதான்!”

“அப்போ அட்டையில அத்தை பேரைத் தனியாவே போட்டுடலாம் மாமா. நானே எழுதிடறேன்.”

ஒரு வார்த்தையும் பேசாமல் அவள் வீட்டுக்குப் போயிருக்கலாம். நாற்பது ஆண்டு பேசாதவளுக்கு அது கஷ்டமில்லை. ஆனால் அந்தக் குரலை அவள் அறிவாள். அடியின் கடைசி எழுத்தை லேசாகக் கடித்து விடும் குரல். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அழைப்புகளை இணைத்த, உடம்பு மெலிந்ததால் ‘ஊசி’ என்று எல்லோரும் கேலிசெய்த தோழியின் குரல்.

“அது நான் இல்லை,” என்றாள்.

“என்னடி உளர்றே?”

“நான் பாடவே இல்லைங்க. வாத்தியார் வேண்டாம்னுட்டார். இது ஊசி.”

கணவர் விரலை இறக்க மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தார். மருமகன் எதையோ சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டான். பிறகு அவள் அவனுடைய போனை வாங்கி அங்கேயே எண்ணை அழுத்தினாள்.

“ஊசி, ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு வாத்தியார் உன்கிட்ட என்ன சொன்னார்?”

“எப்போடி? ஓ, அதா? சத்தமா பாடுன்னார். ஏன் சார்னேன். மத்தவங்களுக்குத் தொண்டை சரியில்லைன்னார்.”

“ஏழு பேருக்குமா?”

“வெயில்னு நெனச்சேன்.” மறுமுனையில் குரல் இறங்கியது. “ஏய்... ஏழு பேருக்குமா?”

அட்டையில் ஊசியின் முழுப்பெயர் வரவேண்டும் என்று மருமகனிடம் இரண்டு முறை சொல்லிவிட்டு அவள் வெளியே வந்தாள். கணவர் பின்னால் வந்தார். லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியில் இறங்கினார்கள். இரண்டு மாடி இறங்கியதும் அவர் கேட்டார்.

“வாடிக்கையாளர் முன்னாடியெல்லாம் விரலைத் தூக்கினேனே. அப்பல்லாம் நீ என்ன நெனச்சே?”

“இறக்கிடக் கூடாதேன்னு நெனச்சேன்.”

“வீட்டுல ஒரு நாள் பாடியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும்.”

“அதனாலதான் பாடலை.”

அவர் நின்றுவிட்டார். அவளையே பார்த்தார். முதன்முதலாகக் கடைக்குள் நுழைந்த ஒருத்தியைப் பார்ப்பதுபோல இருந்தது அந்தப் பார்வை.

“ஊசிக்கு என்னைக் கண்டாலே ஆகாது. அவ குரலுக்கா இத்தனை வருஷம் உருகினேன்?”

“நல்ல குரல்தானே.”

“அதைச் சொல்லலை. நான் கட்டிக்கிட்டது யாரை? எங்கே, பாடு.”

“இங்கேயா? படியிலயா?”

“இங்கேதான்.”

அவள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மூன்றாவது பாட்டை எடுத்தாள். காலியான படிக்கட்டில் குரல் மேலும் கீழும் முட்டியது. வார்த்தை ஒவ்வொன்றும் நினைவிருந்தது. இரண்டாவது அடியிலேயே சுருதி நழுவியது, மூன்றாவதில் கைவிட்டே போயிற்று. கண் சோதனைக்கு வந்தவர் எழுத்துப் பலகையை விட்டுப் பார்வையை எடுக்காததுபோல அவர் அவள் வாயையே கவனித்துக்கொண்டிருந்தார்.

“வாத்தியார் பொய் சொல்லலை,” என்றார் கடைசியில்.

“தெரியும்.”

“ரொம்ப மோசமா இருக்கு.”

“தெரியும்னேனே.”

அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியில் மெல்ல உட்கார்ந்தார்.

“ஏன் நிறுத்திட்டே? மிச்சத்தையும் பாடு.”