தேய்ந்த பக்கம்

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலை அவளுக்கு. சட்டத்துக்கு ஏற்ற மாதிரி விளிம்பைத் தேய்த்து, பூதக்கண்ணாடியில் பார்த்து, மறுபடி தேய்க்க வேண்டும். வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண் சும்மா இருக்காது. கிட்டார் தந்தியை மீட்டுகிற பிளாஸ்டிக் சில்லு இருக்கிறதே, பிக், அதைச் சேர்ப்பதுதான் அவளுடைய பைத்தியம். அதனாலேயே பெயரும் சில்லக்கா.

நகர நூலகத்தின் பின்னறையில் பிக் சேர்ப்பவர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. அதில் ஒரே பெண் சில்லக்கா. கூட்டம் தொடங்கியதும் தலைவர் பேசுவார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள், டீ என்றால் மட்டும் எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பும். இது அநியாயம் என்று அங்கே யாருக்கும் தோன்றியதில்லை. பழகிப்போன அநியாயத்துக்கு நாற்காலி போட்டு உட்காரவைப்பதில் மனிதர்கள் கெட்டிக்காரர்கள்.

அந்தச் சங்கம் முதல் தடவையாகக் கண்காட்சி வைக்கப்போகிறது. நடுக் கண்ணாடிப் பெட்டி சில்லக்காவுக்கு! காரணம், அவளிடம் இருந்த ஒரு கறுப்பு பிக். இளவயதில் ஒரு மைதானக் கச்சேரி முடிவில், பெரிய கிட்டார் நட்சத்திரம் குனிந்து வணங்கியபோது மேடையிலிருந்து பறந்து வந்து அவள் கன்னத்தில் அடித்த பிக் அது. அவருடைய இசைக்குழுவின் பெயர் அச்சடித்தது. "நட்சத்திரம் வாசித்த பிக்" என்று அட்டை எழுதினால் முடிந்தது. இத்தனை வருஷம் கடைசி வரிசையில் உட்கார்ந்தவளுக்கு நடுப்பெட்டி சும்மாவா?

அட்டை எழுதும் முன் ஒரு தடவை பார்த்துவிடலாமே என்று கடையின் பூதக்கண்ணாடியில் வைத்தாள். அங்கேதான் வந்தது வினை.

பிக்கின் ஒரு முகத்தில் ஊசியால் கீறிய குறுக்குக் கோடுகள். கட்டைவிரல் வழுக்காமலிருக்க வாசிக்கிறவர்கள் கீறிக்கொள்வதுதான். அதனால் எந்த முகம் கட்டைவிரல் பக்கம் என்று தெரிந்துவிட்டது. முனை ஒரு பக்கமாகச் சரிந்து தேய்ந்திருந்தது. அந்தப் பக்கம்தான் இடித்தது. அவளிடமிருந்த மற்ற கீறல் பிக்குகள் எல்லாம் எதிர்ப்பக்கம் தேய்ந்தவை.

நாத்தனாரைக் கூப்பிட்டாள். நாத்தனார் நர்ஸ், இடக்கைப் பழக்கம், மூன்று பாட்டு வாசிப்பாள்.

"அண்ணி, இடக்கைக்காரங்க வாசிச்சா இப்படித் தேயும்கிறீங்களா? ஊகம்தானே?"

"அதான் உன்னைக் கூப்பிட்டேன். புது பிக்ல கீறித் தர்றேன். தேயுற வரைக்கும் வாசி."

"தேயுறதுக்குள்ள நான் தேஞ்சிடுவேன். அக்கம்பக்கத்துல போலீசக் கூப்பிடுவாங்க."

"கூப்பிடட்டும். அவங்கள்ல இடக்கைக்காரங்க இருந்தா அவங்ககிட்டயும் ஒண்ணு குடுப்போம்."

நாத்தனார் அதே மூன்று பாட்டைப் போட்டு அடித்தாள். அவள் அண்ணன், சில்லக்காவின் புருஷன், காதில் பஞ்சோடு சாப்பிட்டான். வாரங்கள் போயின. கடைசியில் இரண்டு பிக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஒரே பக்கச் சரிவு.

"வலக்கைக்காரர் யாராவது கோணலாப் பிடிச்சிருந்தா?" நாத்தனார் விடுவதாக இல்லை.

நல்ல கேள்வி. நட்சத்திரத்தின் பழைய கச்சேரிப் பதிவுகளை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள். மனுஷர் வலது கை. பிக்கை எல்லாரையும் போலத்தான் சாய்க்கிறார். அப்புறம் நாத்தனார், சில்லக்கா பத்திரமாக வைத்திருந்த அந்த மைதானக் கச்சேரியின் சுவரொட்டியை விரித்தாள். கீழே நாலு பெயர். படத்திலும் நாலு முகம். ஆனால் ஓரத்தில், வெட்டுப்பட்ட இடத்தில், இடக்கைக்காரர் பிடிக்கிற மாதிரி எதிர்ப்பக்கம் நீட்டிக்கொண்டு இன்னொரு கிட்டாரின் கழுத்து!

"அண்ணி... இது யாரு?"

சில்லக்கா கறுப்பு பிக்கை எடுத்து அந்தக் கழுத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். குழுவின் பெயர் அச்சடித்த பிக் குழுவில் வாசித்த எல்லாருக்கும்தானே போயிருக்கும்? வெளிச்சம் ஒருவர் மேல் விழுந்ததால் சத்தம் முழுவதும் அவருடையது என்று மைதானமே நம்பியிருக்கிறது. தானும்தான். கன்னத்தைத் தடவிக்கொண்டாள்.

தலைவரிடம் சொன்னபோது அவர் சிரித்தார்.

"அட, விடுங்கக்கா. அவர் பேரையே போடுங்க. யார் பாக்கப் போறா?"

"பாக்குறதுக்கு லென்ஸ் நானே கொண்டு வர்றேன்."

"அப்போ நடுப்பெட்டி கிடையாது. பேர் தெரியாத ஆளோட பிக்கை நடுவுல வெச்சா சிரிப்பாங்க."

"சரி. ஓரமா வைங்க."

சொல்லிவிட்டாளே தவிர, அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

கண்காட்சியன்று நடுப்பெட்டியில் தலைவரின் பிக் இருந்தது. அதுவும் அதே நட்சத்திரம் தந்ததாம். பற்பசை போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தார். அது யார் கையில் இருந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. சில்லக்காவின் பிக் கதவோரம். பக்கத்தில் நாத்தனார் தேய்த்த பிக், சுவரொட்டி, நூலில் கட்டித் தொங்கவிட்ட லென்ஸ். அட்டையில் எழுதியிருந்தாள்: "வாசித்தவர் இடக்கைக்காரர் என்று நினைக்கிறேன். காரணங்கள் இங்கே. பெயர் தெரிந்தவர் சொல்லுங்கள். நான் நினைத்தது தவறென்றாலும் சொல்லுங்கள்."

நடுப்பெட்டியை எல்லாரும் பார்த்தார்கள், நகர்ந்தார்கள். கதவோரத்தில் நகரவே இல்லை. ஆளாளுக்கு இல்லாத பிக்கை விரலிடுக்கில் பிடித்துக் காற்றில் மீட்டிப் பார்த்துச் சண்டை போட்டார்கள். ஒருவர், அந்தக் குழுவுக்கு ஒலிபெருக்கி கட்டிய தன் மாமாவிடம் கேட்டுச் சொல்வதாக அவளுடைய ஃபோன் எண்ணை வாங்கிக்கொண்டார்.

மத்தியானம் தலைவர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு எட்டிப் பார்த்தார்.

"அக்கா, எல்லாருக்கும் ஒரு டீ..."

சில்லக்கா லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இன்னைக்கு நீங்க போடுங்க தலைவரே. எனக்கு ஆள் தேடுற வேலை இருக்கு."