கத்திப் பார்த்து வாங்கிய வீடு

ட்ரெயிலர் வாங்கப் போகிறவர்கள் அடுப்பைப் பார்ப்பார்கள், மெத்தையில் உட்கார்ந்து பார்ப்பார்கள், அலுமாரிக் கதவுகளைத் திறந்து மூடுவார்கள். நான் உள்ளே நின்று கத்தினேன். என் மனைவி வெளியே கொஞ்சம் தள்ளி நின்று காது கொடுத்தாள். கத்தி முடித்ததும் கதவைத் திறந்து கேட்பேன்.

“கேக்குதே?”

“ஓம். வடிவாக் கேக்குது.”

அடுத்த ட்ரெயிலருக்குப் போவோம்.

முதல் தடவை கத்தியபோது விற்பனையாளர் ஓடி வந்துவிட்டார். என் விரல் கதவுக்குள் அகப்பட்டுவிட்டது என்று நினைத்தாராம். வெள்ளைக்காரப் பெடியன், நல்லவன். எங்கள் மகன் இப்படித்தான் கத்துவான், வெளியே எவ்வளவு கேட்கும் என்று பார்க்கிறோம் என்றேன். தன் சப்பாத்தைக் குனிந்து பார்த்தார். ஆறுதலாகப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு, கந்தோருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எங்களைக் கண்டு இரக்கப்படுகிறவர்கள் எல்லோரும் கடைசியில் கதவைத்தான் சாத்துவார்கள். எனக்கு அது பழகிப்போய்விட்டது.

மகனுக்கு இருபத்து மூன்று வயது. ஓட்டிசம். பேச்சு வரவில்லை. என்னைவிட ஒரு தலை உயரம். மனைவி ஒரு பேசினுக்குள் குத்தரிசியைக் கொட்டி வைத்தால், அதை விரல்களுக்குள்ளால் வடியவிட்டபடி பின்னேரம் முழுக்க இருப்பான். அந்த நேரத்தில் அவனைப் போல அமைதியான பிள்ளை ரொறன்ரோவிலேயே இல்லை. ஆனால் ஏதாவது ஒரு சத்தம் அவனைக் குத்திவிட்டால் கதை வேறு. இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து கத்துவான். அதுவும் போதாவிட்டால் தலையைச் சுவரில் மோதுவான். எந்தச் சத்தம் குத்தும், எது குத்தாது என்று இன்றுவரை எங்களுக்கு முழுதாகத் தெரியாது.

டோர்செட் பார்க்கில் எங்கள் அப்பாட்மெண்டுக்கு மேலேயும் ஆட்கள், கீழேயும் ஆட்கள், இரண்டு பக்கமும் ஆட்கள். கீழ்வீட்டுக்காரர் தும்புத்தடியால் தன் கூரையில் இடிப்பார். அந்த இடியைக் கேட்டு மகன் இன்னும் கத்துவான். பக்கத்து வீட்டு இளம் தாய், ஒரு தமிழ்ப் பிள்ளை, ஒருநாள் லிஃப்ட்டுக்குள் என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது: “அன்ரி, ஐ நோ இட்ஸ் நொட் ஹிஸ் ஃபோல்ட். ஆனா எங்கட பேபி நித்திரை கொள்ளுறேல்லை.” கோபித்திருந்தால் நாங்களும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்போம். அந்தப் பிள்ளை அழுதது. பிறகு பொலிஸ் வந்தது, கட்டட நிர்வாகத்திலிருந்து ஆள் வந்தது. மகனை எங்காவது ஒரு பராமரிப்பு இல்லத்தில் விடலாமே என்று வந்தவர் கேட்டார். நாயைக் கொண்டுபோய் விடுவதுபோலக் கேட்டார். அன்றைக்கு நான் அவரைப் பிடித்துத் தள்ளாமல் விட்டது அவருடைய அதிர்ஷ்டம்.

மகனை எங்களோடேயே வைத்திருக்க வேண்டும். அதற்கு, யாருடைய சுவரிலும் ஒட்டாத வீடு வேண்டும். ஸ்காபரோவிலோ யூனியன்விலிலோ தனிவீடு வாங்க எங்களுக்கு இந்தப் பிறவியில் இயலாது. அப்படித்தான் ஃபிஃப்த் வீல் எங்கள் தலைக்குள் நுழைந்தது. வருடம் முழுவதும் குடியிருக்கக்கூடிய பெரிய ட்ரெயிலர் அது. சாதாரண ட்ரெயிலரைப் போல வாகனத்தின் பின்னால் கொளுவி இழுக்க முடியாது. அதன் முன்பக்கம் பிக்கப் ட்ரக்கின் முதுகில் ஏறி உட்கார்ந்து பூட்டிக்கொள்ளும். உயர்ந்து நிற்கும் அந்தப் பக்கத்தில் ஒரு படுக்கையறை. பின்னால் குசினி, குளியலறை, இன்னொரு சின்ன அறை. நிறுத்திய பிறகு பட்டனை அமத்தினால் பக்கச்சுவர் வெளியே தள்ளி, வீடு அகலமாகும்.

ட்ரக் ஓட்டும் சிநேகிதர் ஒருவர் எனக்கு முதலில் சொன்ன புத்தி இதுதான்: “அண்ணை, முதல் வீட்டை எடுங்கோ. பிறகு அதின்ரை பாரத்தைப் பாத்து ட்ரக்கை எடுங்கோ. மாறிச் செய்தவையெல்லாம் திரும்பவும் ஒரு ட்ரக் வாங்கினவை.” விளம்பரத்தில் போட்டிருக்கும் வெறும் எடையை நம்பக்கூடாது, தண்ணீர், காஸ் சிலிண்டர், உடுப்பு, சட்டி பானை எல்லாம் ஏற்றிய பிறகு ட்ரக்கின் முதுகில் எவ்வளவு அழுத்தும் என்று பார்க்கவேண்டும் என்றார். சரியாகச் செய்தேன். அந்த விஷயத்தில் என்னை ஒருவரும் குறை சொல்ல முடியாது.

கடைசியில் ஒரு ட்ரெயிலருக்குள் நின்று தொண்டை கிழியக் கத்திவிட்டுக் கதவைத் திறந்தபோது மனைவி இன்னும் தலையைச் சரித்துக் காது கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“என்ன, கேக்கேல்லையோ?”

“கேட்டது. ஆனா எங்கையோ தூரத்திலை ஆரோ கத்தின மாதிரி.”

பனிக்காலத்துக்கென்று கட்டியது, சுவர் தடிப்பு, ஜன்னல் இரட்டைக் கண்ணாடி. அதையே எடுத்தோம். அதற்கேற்ற, ‘ஒரு தொன்’ வகைப் பெரிய ட்ரக், மகன் கால் நீட்டி இருக்க நாலு கதவு. வங்கியில் இருந்ததெல்லாம் அதோடு போனது. திரும்பும் வழியில் கோப்பி வாங்கி வெயிலில் நின்று குடித்தோம். மனைவி சிரித்துக் கதைத்தாள். எனக்கு அது புதினமாக இருந்தது.

பிறகு ஒரு மாதம் அவனுக்காக அந்த வீட்டைத் தயார்ப்படுத்தினேன். காஸுக்கு அவன் கைக்கெட்டாத இடத்தில் ஒரு வால்வு. கதவுக்கு உயரத்தில் இன்னொரு பூட்டு. கதிரை, மேசை எல்லாவற்றையும் தரையோடு ஆணியடித்தேன். அவன் கட்டிலைச் சுற்றிப் பலகை அடித்து, அதன்மேல் தடித்த ஸ்பொஞ்ச் ஒட்டினேன். அவன் துள்ளினால் வீடு ஆடாமல் இருக்க, அடியில் முண்டு கொடுக்கும் இரும்புக் கால்களைக் கூடுதலாகப் பூட்டினேன். மனைவி ஒரு சாக்குக் குத்தரிசியைக் கட்டிலுக்குக் கீழே பத்திரப்படுத்தினாள். சித்திரை பிறந்து சில நாட்களில் அப்பாட்மெண்ட் சாவியைக் கொடுத்துவிட்டு, நகரத்துக்கு வடக்கே ஒரு கேம்ப்கிரவுண்டில் ஆகக் கடைசி இடத்தைப் பிடித்தோம். மூன்று பக்கமும் மரங்கள். மனிதவாடை இல்லை.

இரவில் தண்ணீர் உறைந்துவிடும் என்று அங்கே குழாய்களை இன்னும் திறந்துவிடவில்லை. அதனால் ட்ரெயிலரின் தொட்டித் தண்ணீரைத்தான் பாவிக்க வேண்டும். மனைவி தேத்தண்ணிக்குக் குழாயைத் திறந்தாள். தரைக்குக் கீழே பம்ப் கடகடவென்று அதிர்ந்தது. மகன் காதைப் பொத்தினான்.

நானும் அவளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவனுடைய சத்தம் உலகத்துக்கு எவ்வளவு கேட்கும் என்றுதான் ஒவ்வொரு ட்ரெயிலரிலும் பார்த்தோம். அவனுக்கு என்ன கேட்கும் என்று ஒருதடவைகூடப் பார்க்கவில்லை. நாலு சுவரையும் சோதித்த எங்களுக்கு, உள்ளே இருக்கப்போகிறவன் அவன் என்பது மறந்துபோனது. இத்தனை வருடம் ஊருக்குப் பயந்து வாழ்ந்தால் மூளை அப்படித்தான் வேலை செய்யும்போல.

பம்பை நிறுத்திவிட்டுப் போத்தல் தண்ணீரில் சமாளித்தோம். ஹீட்டரின் விசிறி இரைந்தபோது அதையும் நிறுத்திவிட்டுக் கம்பளிக்குள் சுருண்டோம். அதற்குப் பிறகு மழை வந்தது.

அப்பாட்மெண்டில் மழை என்பது ஜன்னலுக்கு வெளியே இருக்கும் ஒன்று. இங்கே கூரை கை நீட்டினால் எட்டும். மத்தியானம் தொடங்கிய மழை, தகரத்தில் சரளைக் கல்லை அள்ளிக் கொட்டுவதுபோல எங்கள் தலைக்குமேலே விழுந்தது. அதை நிறுத்த என்னிடம் பட்டன் இல்லை. மகன் கத்தினான். ஸ்பொஞ்ச் ஒட்டிய பக்கத்தை விட்டு, நான் ஒன்றும் அடிக்காத குளியலறைச் சுவருக்குப் போய் மோதினான். அது காட்போட் மட்டையைப் போல உள்ளே போனது. நெற்றியில் இரத்தம். நான் பின்னாலிருந்து கட்டிப்பிடித்தேன். மனைவி தன் இரண்டு கைகளாலும் அவன் கைகளுக்கு மேலே அவன் காதைப் பொத்தினாள். கேட்க ஒருவரும் இல்லாத இடத்தில் அவன் கத்திக்கொண்டே இருந்தான். இதைத்தானே நாங்கள் விரும்பினோம் என்று நினைத்தேன். அப்போது எனக்குச் சாகவேண்டும்போல இருந்தது. அதை மறைத்து என்ன பிரயோசனம்.

அந்தக் கிழமை முழுக்க மழை.

மழை விட்ட ஒரு காலையில் போன் வந்தது. பராமரிப்பு இல்லங்களுக்கான காத்திருப்புப் பட்டியலைக் கவனிக்கிற அலுவலகத்துப் பெண்மணி. மகன் பள்ளிக்கூடம் முடித்தபோது ஆரோ சொல்லி அவன் பெயரைப் பதிந்து வைத்திருந்தோம். வருடத்துக்கு ஒருதடவை போன் எடுத்து, ஏதாவது மாற்றம் உண்டா என்று கேட்பார். இல்லை என்று எரிந்து விழுவேன். அவரும் கோபிக்காமல் வைத்துவிடுவார்.

இந்தமுறை விலாசம் அதேதானா என்று கேட்டார். கேம்ப்கிரவுண்ட் என்றேன். நிரந்தரமாகவா என்றார். ஐப்பசியில் மூடிவிடுவார்கள், அதற்குப் பிறகு எங்கே என்று தெரியாது என்றேன். தட்டச்சுச் சத்தம் கேட்டது. நெற்றிக்காயத்தையும் சொன்னேன், ஏன் சொன்னேன் என்று தெரியாது. அவர் குரல் கனிந்தது. அப்படியானால் உங்களுக்கு நிலையான வீடு இல்லை என்று பதிகிறேன், உங்கள் மகன் பட்டியலில் மேலே போய்விடுவார் என்றார். கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார். ஓர் இல்லத்தில் இப்போது ஓர் அறை வெறுமையாக இருக்கிறது, வேண்டுமா என்று கேட்டார். நல்ல செய்தி சொல்கிற சந்தோஷம் அவர் குரலில் இருந்தது.

அவனை எங்களோடு வைத்திருப்பதற்கென்று வாங்கிய வீடு அது. அந்த வீட்டின் படியில் நின்றுகொண்டு, வேண்டும் என்று நான்தான் சொன்னேன்.

உள்ளே மகன் பேசினுக்கு முன்னால் இருந்தான். நெற்றியில் பிளாஸ்டர். மனைவி நிலத்தில் சிந்திய அரிசியைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“ஆர் போனிலை?”

சொன்னேன். என்னை ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசினால் நல்லது என்றும் நினைத்தேன். கையிலிருந்த அரிசியை மெதுவாகப் பேசினுக்குள் போட்டுவிட்டு, முகத்தை நிமிர்த்தாமல் கேட்டாள்.

“எந்த ஊரிலையாம்?”

நான் அதைக் கேட்கவே இல்லை.