பட்டியலில் நான்காவது பெயர்

நான் படிக்கும் இந்த அமெரிக்கப் பல்கலைக்கழக நூலகத்தில், எடுத்த புத்தகத்தை நாமே திரும்ப அலமாரியில் வைக்கக் கூடாது. மேசையில் அப்படியே விட்டுவிட்டு எழுந்து போய்விட வேண்டும். வந்த முதல் வாரம் எனக்கு இது தெரியாது. படித்து முடித்ததைப் பொறுப்பாக எடுத்துப் போய்ச் செருகப் போனேன். ஒரு பெண்மணி "நோ, நோ, ப்ளீஸ்!" என்று ஓடி வந்தார். திருடன் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறதே என்று பதறி, என் பையைத் திறந்து காட்டினேன். அவர் ஒன்றும் புரியாமல் உள்ளே எட்டிப் பார்த்தார். ஒரு ஆப்பிளும் குடையும் இருந்தன. இடம் மாற்றி வைத்த புத்தகம் தொலைந்த புத்தகத்துக்குச் சமம், அதனால்தான் என்று பிறகு விளக்கினார். உத்திரமேரூர்க் கிளை நூலகத்தில் எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்காவிட்டால்தான் திட்டு விழும். ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். இங்கே என்னைப் போல வந்து சேர்ந்தவர்களுக்கு, முதல் வருஷம் முழுக்க இப்படிப் பையைத் திறந்து காட்டிக்கொண்டே போனது நினைவிருக்கும்.

அந்தப் பெண்மணியின் பெயர் மார்த்தா. கேட்டதைத் தேடிக் கொடுப்பதே அவருடைய வேலை. கணிதம் படிக்க வந்த நான் பாதியில் அறிவியல் வரலாற்றுத் துறைக்கு மாறி, நம் நாட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்த கதையை ஆய்வாக எடுத்துக்கொண்டபோது, அவர் மேசைக்கு எதிரிலேயே குடியிருக்க ஆரம்பித்தேன். இயந்திரங்களைச் செய்தவர்களைப் பற்றி இங்கே அலமாரி அலமாரியாகப் புத்தகங்கள் உண்டு. நம் ஊரில் அவற்றின் முன்னால் உட்கார்ந்து வேலை செய்தவர்களைப் பற்றி ஒரு வரி கிடைக்கவில்லை. மார்த்தா சலிக்காதவர். ஒரு கட்டுரையின் அடிக்குறிப்பைப் பிடித்து இன்னொரு கட்டுரைக்குப் போவார். எந்த நூலகத்தில் எந்தப் பத்திரிகை இருக்கிறது என்று சொல்லும் தலையணை அளவுப் பட்டியல்களைப் புரட்டுவார். வேறு மாநிலத்து நூலகங்களுக்குக் கடிதம் எழுதிப் புத்தகத்தைத் தபாலில் வரவழைப்பார்.

அப்படித்தான் ஒருநாள், இந்திய கம்ப்யூட்டர் அலுவலகங்களுக்காக பம்பாயில் அச்சான ஒரு மாதச் செய்தி இதழின் பழைய தொகுப்பு வந்து சேர்ந்தது. நம் நாட்டிலேயே எங்கும் கண்ணில் படாத இதழ் இங்கே எப்படி என்று கேட்டேன். அமெரிக்கக் கோதுமைக்கு நம் அரசு ரூபாயில் கொடுத்த விலையைக் கொண்டே, நம் நாட்டில் அச்சானதையெல்லாம் இங்குள்ள நூலகங்களுக்காக வாங்கிக் கப்பலேற்றினார்களாம். பள்ளிக்கூடத்தில் மத்தியானம் நான் வரிசையில் நின்று வாங்கித் தின்ற கோதுமை உப்புமா நினைவுக்கு வந்தது.

இந்த இடத்தில் என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். குணவதி என்னைவிட நான்கு வயது மூத்தவள். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் டைப்ரைட்டிங் படித்து, மதராசில் ஒரு கம்பெனியில் பஞ்ச் ஆப்பரேட்டராகச் சேர்ந்தாள். கம்ப்யூட்டருக்குப் போக வேண்டிய கணக்குகளை அட்டைகளில் ஓட்டைகளாகக் குத்துகிற வேலை. ஒருத்தி குத்தியதை இன்னொருத்தி மறுபடி அடித்துச் சரிபார்ப்பாள். ஒரே வருஷத்தில் அக்காவைச் சரிபார்க்கிற இடத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். வாரம் முழுக்க மகளிர் விடுதி. சனிக்கிழமை சாயங்காலம் வீடு. வரும்போது பிசகிப்போன அட்டைகளைக் கட்டாகக் கொண்டுவருவாள். அதன் பின்புறத்தில்தான் நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவள் அங்கே என்ன செய்கிறாள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அட்டை தீர்ந்துபோனால் மட்டும் கேட்பேன்.

எனக்கு அமெரிக்காவில் இடம் கிடைத்துக் கடிதம் வந்த அதே மாதத்தில், ஏரிக்கரைக் கழனியில் எங்கள் நைனா விழுந்தார். பக்கவாதம். வலது கையும் காலும் போயின, பேச்சும் குழறியது. அம்மா ஒருத்தியால் அவரைத் தூக்கிப் புரட்ட முடியவில்லை. போவதா வேண்டாமா என்று நான் யாரிடமும் வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம். அடுத்த சனிக்கிழமை அக்கா டிரங்குப் பெட்டியும் படுக்கைச் சுருட்டுமாக வந்து இறங்கினாள்.

"ஆபீஸ்ல ஆளக் கொறச்சிட்டாங்கம்மா. இனிமே நான் போவ வாணாம். இங்கயேதான் இருக்கப் போறேன்" என்றாள்.

அம்மா அழுதாள். நான் அக்காவுக்காக வருத்தப்பட்டேன் என்று எழுதிவிட ஆசைதான். ஆனால் அன்றைக்கு எனக்கு வந்தது நிம்மதி. இரண்டு மாதத்தில் விமானம் ஏறினேன். அக்கா நைனாவை ஐந்து வருஷம் பார்த்துக்கொண்டாள். அவர் போன பிறகு, வயது தாண்டி, மாகறலில் ஒரு விவசாயக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டாள். இரண்டுக்கும் நான் போகவில்லை.

அந்தச் செய்தி இதழின் தொகுப்பில், நான் புறப்பட்ட வருஷத்து ஜூன் மாதப் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பம்பாயில் ஆறு மாதம் புரோகிராமர் பயிற்சி, முடித்தவர்களுக்கு அங்கேயே வேலை என்று ஒரு செய்தி. நாடு முழுவதிலும் தேர்வு எழுதியவர்களில் தேறியவர்கள் ஆறு பேர். நான்காவது பெயர்: கே. குணவதி, பஞ்ச் பிரிவு, மதராஸ். அக்கா வேலை பார்த்த கம்பெனியின் பெயரும் இருந்தது. எங்கள் நைனாவின் பெயர் கன்னியப்பன். அடுத்த மாத இதழைத் திருப்பினேன். பயிற்சி தொடங்கிய செய்தியில் ஐந்து பெயர்கள்தான். கீழே சின்ன எழுத்தில், குடும்பக் காரணங்களால் கே. குணவதி சேரவில்லை என்றிருந்தது.

ஆளைக் குறைக்கவில்லை. அவளாகத்தான் வந்திருக்கிறாள்.

மார்த்தா வந்து தோளைத் தொட்டார். எனக்கு ஆங்கிலம் வரவில்லை. பெயரின் மேல் விரலை வைத்து, "மை சிஸ்டர்" என்றேன்.

"ஓ, வொண்டர்ஃபுல்!" என்று கைகளைச் சேர்த்துக்கொண்டார். "உங்களுக்கு எவ்வளவு பெருமையாக இருக்கும்!"

ஆமாம் என்றேன். இரண்டு பக்கங்களையும் அவரே பிரதி எடுத்து, மடங்காமல் இருக்க அட்டை வைத்து, உறையில் போட்டுக் கொடுத்தார். "அவருக்கு அனுப்புங்கள். மகிழ்ந்துபோவார்" என்றார். என் கண்களில் இருந்ததை ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டார்.

அனுப்பவில்லை. அடுத்த விடுமுறையில் ஊருக்கு நானே கொண்டுபோனேன். அம்மாவிடம் சொல்லாமல் மறுநாளே மாகறலுக்குப் பஸ் ஏறினேன். வேர்க்கடலை பிடுங்கும் சமயம். சாலையோரக் கழனியில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, பிடுங்கிய செடியிலிருந்து காயை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். நடுவிலிருந்து அக்கா எழுந்து வந்தாள். இளைத்திருந்தாள். காதோரம் நரை.

"வூட்டுக்குப் போயிருக்கலாமில்ல? வெயில்ல ஏன்டா நிக்கிற? நாஷ்டா துன்னியா?" என்றாள்.

உறையை நீட்டினேன். முந்தானையில் கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். வரப்பிலேயே உட்கார்ந்து படித்தாள். ஆங்கில எழுத்துகளை அவள் கண் தொட்டுக்கொண்டு போன வேகத்தைப் பார்த்தேன். சரிபார்க்கிறவளின் கண்.

"அச்சுல கூட வந்துச்சா? எனக்குத் தெரியவே தெரியாது" என்று சிரித்தாள். பிறகு மூன்றாவது பெயரில் விரலை வைத்தாள். "இந்த ராஜலட்சுமி எங்கூடத்தான் எழுதுனா. பக்கத்து சீட்டு. பயந்துகினே இருப்பா. அவ போனாளா?"

"போனாங்க. இப்பப் பெரிய அதிகாரியா கீறாங்க. அவங்க எழுதின கட்டுரைகூட நான் படிச்சேன்."

"நல்லா இருக்கட்டும்" என்றாள். "கெட்டிக்காரி. ஆனா ஜாஸ்தி தப்புப் பண்ணுவா."

"ஏங்க்கா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா இன்னா பண்ணியிருப்ப?"

"போயிருக்க மாட்டேன். நின்னிருப்பேன்."

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபமே இல்லை அந்தப் பார்வையில். இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"நின்னிருக்க மாட்டடா. அது எனக்குத் தெரியும். அதான் சொல்லல. நீ நிக்க மாட்டேன்னு சொல்றத ஒருதபா காதால கேட்டுட்டா, அப்புறம் எப்பிடி உங்கூடப் பேசிக்கினு இருப்பேன்? எனக்குன்னு இருக்கிறது ஒரே தம்பி."

செய்யாறு ஓடும் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள்தான் எழுந்து, என் சட்டைத் தோளில் ஒட்டியிருந்த எதையோ தட்டிவிட்டாள்.

என் ஆய்வில் அவள் பெயரை எழுதலாமா என்று கடைசியாகக் கேட்டேன்.

"அக்கா பாஸ் பண்ணான்னு எழுது. ஏன் போவலன்னு எழுதாத. அம்மா உயிரோட கீது. யார்னா படிச்சி வந்து சொல்லிடப் போறாங்க."

"அது இங்கிலீஷ்ல இருக்கும். யாரும் படிக்க மாட்டாங்கக்கா."

"நீ படிச்சியே" என்றாள்.

காகிதங்களை வைத்துக்கொள்கிறாயா என்றேன். வீட்டில் கேட்டால் பதில் சொல்லிப் பேஜாராகும், நீயே வைத்துக்கொள் என்று உறையில் போட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அதற்குள் பஸ் வந்துவிட்டது. ஏறு, ஏறு என்று முதுகில் கை வைத்துத் தள்ளினாள்.

ஜன்னலோரம் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தேன். வெயிலுக்கு எல்லாப் பெண்களும் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு குனிந்திருந்தார்கள். அக்கா வரிசைக்குத் திரும்பியிருந்தாள். அதில் எது அவள் என்று தேடிக்கொண்டிருந்தபோது கண்டக்டர் வந்து நின்றார்.

"எந்த ஊரு சார்?"

"உத்திரமேரூர்" என்றேன்.

"சொந்த ஊரக் கேக்கல சார். இது காஞ்சிபுரம் போற வண்டி. உத்திரமேரூர் போறது எதுத்தாப்ல வந்து நிக்கும். எறங்கிக்கிறீங்களா?"

வண்டி வேகமெடுத்துவிட்டது. எழுந்து நின்றேன். இறங்குகிறேன் என்றும் சொல்லாமல், போகிறேன் என்றும் சொல்லாமல், கம்பியைப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றேன்.