சீனியம்மாளின் தாடைக்கட்டு

இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி சுற்றும் கம்பெனி ஒன்றில் சீனியம்மாள் வேலை பார்த்தாள். தெருவில் யார் இறந்தாலும் தாடைக்கட்டுக் கட்டவும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். 1981இல் அவளுடைய மாமனார் வாயைத் திறந்தபடியே போய்ச் சேர்ந்தார். எல்லோரும் அழுது முடித்துவிட்டுப் பார்த்தபோது தாடை விறைத்துப் போயிருந்தது. மூட முடியவில்லை. வாய்க்கரிசி போட வசதியாக இருந்தது என்றாலும் பார்க்க நன்றாக இல்லை. அதற்குப் பிறகு யார் வீட்டில் உயிர் போனாலும், இரண்டு மணி நேரத்துக்குள் சீனியம்மாள் பேண்டேஜ் சுருளோடு போய் நிற்பாள். முதலில் தாடை விறைக்கும், கடைசியில் கால் என்பதெல்லாம் அவள் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

1986 மே மாதம், ஒரு திங்கட்கிழமை விடியற்காலையில், அடுத்த வீட்டு ஐயாதுரை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். மில்லில் ஃபிட்டராக இருந்தவர். டாக்டர் வந்து பார்த்து முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனார். சீனியம்மாள் வந்து தாடையைக் கட்டினாள். மகன் செகந்திராபாத்தில் பட்டாளத்தில் இருந்தான். தந்தி கொடுத்தார்கள். அவன் புதன்கிழமை காலைதான் வந்து சேர முடியும்.

குளிப்பாட்டுவதற்காகப் புரட்டியபோது ஐயாதுரை பெருமூச்சு விட்டார். தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர்கள் வாசல்வரை ஓடினார்கள். அவர் மனைவி வெள்ளத்தாய் மட்டும் ஓடாமல் சீனியம்மாளின் கையைப் பிடித்தாள்.

"யக்கா, அவிய மூச்சு விடுதாக!"

"உள்ள கெடந்த காத்து தாயி. புரட்டுனா வெளிய வரும். எங்க மாமனாருக்கும் வந்துச்சு."

அன்று ஐஸ் கட்டி கிடைத்தது. மறுநாள் கரண்ட் இல்லாததால் கிடைக்கவில்லை. செவ்வாய் மதியம் வெள்ளத்தாய் மறுபடியும் கூப்பிட்டாள்.

"ஞாயித்துக்கெழமதான் சவரம் பண்ணுனாக. தாடி வளந்திருக்கே, பாருங்க."

"தாடி வளரல. தோல் காஞ்சு உள்ள இழுத்திருக்கு. அதான் முடி நீட்டிக்கிட்டுத் தெரியுது."

சாயங்காலம், அதுவரை விறைத்திருந்த ஐயாதுரையின் கை தளர்ந்து மடங்கியது. வெள்ளத்தாய் அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு, வெந்நீர் வைக்கச் சொன்னாள். உறவுக்காரர்களில் இரண்டு பேர் டாக்டரைக் கூப்பிடலாமா என்று யோசிக்கத் தொடங்கினார்கள். சீனியம்மாள் வெள்ளத்தாயைத் தவிர எல்லோரையும் வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்திவிட்டு, ஐயாதுரையை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். முதுகு முழுவதும் ஊதா நிறமாக இருந்தது.

"ரத்தம் ஓடாம நின்னா அடியில போய்த் தங்கிரும். விரல் வச்சு அமுக்கிப் பாரு, வெளுக்குதா?"

வெள்ளத்தாய் அமுக்கினாள். வெளுக்கவில்லை. இன்னோர் இடத்தில் அமுக்கினாள். பிறகு அவரை நேராகப் படுக்க வைத்து, வேட்டியைச் சரிசெய்தாள். வெந்நீர் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினாள்.

புதன்கிழமை மகன் வந்து கொள்ளி வைத்தான். எட்டு மாதம் வெள்ளத்தாய் சீனியம்மாளோடு பேசவில்லை. பிறகு அவளும் அதே கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். சூப்பர்வைசர் இருவரையும் ஒரே மேசையில் உட்கார வைத்தார். மூன்றாம் நாள் வெள்ளத்தாய் தானாகவே கேட்டாள்:

"எரிக்கும்போது எந்திரிச்சு உக்காருவாகளாமே?"

"நான் கண்டேனா? பொம்பளைகள அங்க விடமாட்டாகளே."

மறுநாள் காலை, சுடுகாட்டில் வேலை செய்யும் வீரணனை இருவரும் பஸ் ஸ்டாப்பில் பிடித்தார்கள். அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"சூட்டுல சதை சுருங்கும். கை மடங்கும், முட்டி மடங்கும். மேல அம்புட்டு வெறகு அடுக்கியிருக்கோம், எப்படி உக்காருவாக?"

"அவியளும் உக்காரலையா?"

"இல்ல தாயி. நான் கூடவேதான் இருந்தேன். நல்லா எரிஞ்சுது."

டவுன் பஸ் வந்தது. வெள்ளத்தாய் ஏறி, சீனியம்மாளுக்கு இடம் பிடித்தாள். அன்று மதியம் தூக்குவாளியில் கொண்டுவந்த சோற்றை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.